பக்கத்து அறையிலிருந்து பாடம் கேட்டவர்

1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் இன்றும் வரலாற்று நூல்களில் அச்சாகி வருகின்றது. கோட்டு அணிந்த, வயதில் மூத்த கறுப்பின மனிதர் ஒருவர் சிறு பக்கவறை ஒன்றில் மேசைமுன் உட்கார்ந்திருக்கின்றார். அவருடைய பார்வை அடுத்திருக்கும் வகுப்பறையை நோக்கியிருக்கின்றது. அங்கே வெள்ளை மாணவர்கள் ஒன்றாய் அமர்ந்து பாடம் கேட்கின்றனர். இவரும் அதே ஆசிரியரிடம், அதே பாடத்தைத்தான் கேட்கின்றார். இடையில் இருப்பது ஒரு வாசல் மட்டுமே.

அவர் பெயர் ஜார்ஜ் மக்லாரின். முதுகலைப் பட்டம் பெற்றவர். நெடுங்காலம் ஆசிரியப் பணி செய்தவர். கல்வியியலில் முனைவர் பட்டம் பெற விரும்பி அப்பல்கலைக்கழகத்துக்கு வந்தார். ஆசிரியரின் குரல் அவருக்குக் கேட்டது, நூல்கள் கிடைத்தன, தேர்வும் எழுதலாம். அப்படியானால் அவரிடமிருந்து பறிக்கப்பட்டதுதான் என்ன?

மால்கம் எக்ஸையும் முஹம்மது அலியையும் நம் இல்லங்கள் அறியும். பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை நம்மிடையே இல்லை. ஆனால் அமெரிக்கக் கறுப்பின மக்கள் உயர்கல்வியின் வாசலில் நின்ற வரலாறு நமக்கு அதிகம் சொல்லப்படவில்லை. அது எங்கோ தொலைவில் நடந்த, நமக்குத் தொடர்பில்லாத கதை என எண்ணிவிட வேண்டாம். அதன் தொடக்கப் பக்கங்களில் ஒன்று அரபு எழுத்தில் எழுதப்பட்டிருக்கின்றது.

உமர் இப்னு சயீத் 1770ஆம் ஆண்டு வாக்கில், மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றங்கரையிலுள்ள ஃபூட்டா டோரோ பகுதியில் பிறந்தார். ஃபுலானி இனத்தவர். அந்த மக்கள் மார்க்கக் கல்வியை அரபியில் கற்றதோடு நில்லாமல், தம் தாய்மொழியையும் அரபு எழுத்தில் எழுதி வந்தனர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் அரபுத்தமிழில் எழுதிவைத்த ஏடுகளைக் கண்டவர்களுக்கு இது வியப்பளிக்காது. உமர் தம் சகோதரரான ஷைக் முஹம்மது சயீதிடமும் வேறு இரு ஷைகுகளிடமும் கல்வி கற்றார். இருபத்தைந்து ஆண்டுகள் கல்வி தேடியதாக அவரே எழுதியிருக்கின்றார். இன்றைய கணக்கில் முனைவர் பட்டத்துக்கும் அப்பாற்பட்ட காலம் அது.

பின்னர் ஒரு படையெடுப்பில் பிடிபட்டு, ஒன்றரை மாதக் கடற்பயணத்துக்குப் பின் 1807ஆம் ஆண்டு தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்டு விற்கப்பட்டார். அடிமைகளை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதை அமெரிக்கா தடைசெய்தது 1808ஆம் ஆண்டின் முதல் நாளில். சில மாதங்கள் தாமதித்திருந்தால் உமரின் வாழ்க்கை வேறாக இருந்திருக்கக்கூடும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அவர் இறங்கிய மாநிலத்தில் 1740 முதலே ஒரு சட்டம் இருந்தது. அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவருக்கு 100 பவுண்டு அபராதம். அச்சட்டத்தை இயற்றியவர்கள், கப்பலில் வந்து இறங்குபவர்களில் சிலர் ஏற்கெனவே எழுதப் படிக்கக் கற்றவர்கள் என்பதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கொடுமையான உரிமையாளரிடமிருந்து தப்பி, ஒரு மாதம் நடந்து, வட கரோலினாவின் ஃபேயட்வில் நகரில் தொழுவதற்காக ஓர் இறையில்லத்தில் நுழைந்தபோது உமர் பிடிபட்டார். பதினாறு நாட்கள் சிறையில் இருந்தார். சிறைச் சுவரில் கரித்துண்டால் அரபியில் எழுதினார் என்றும், அதைக் காண ஊரார் திரண்டனர் என்றும் சொல்லப்படுகின்றது. ஜேம்ஸ் ஓவன் என்பவர் அவரை விலைக்கு வாங்கினார். இந்த ஓவனின் சகோதரர் ஜான் ஓவன், 1828 முதல் 1830 வரை வட கரோலினாவின் ஆளுநராக இருந்தவர்.

1830ஆம் ஆண்டின் இறுதியில் கூடிய வட கரோலினாச் சட்டமன்றம், அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதைக் குற்றமாக்கியது. அடுத்த சில மாதங்களில், அதாவது 1831இல், அதே மாநிலத்தில், முன்னாள் ஆளுநரின் குடும்பத்து அடிமையான உமர் தம் வாழ்க்கை வரலாற்றை அரபியில் எழுதி முடித்தார். அமெரிக்காவில் அடிமையாக இருந்த ஒருவர் அரபியில் எழுதிய தன்வரலாறுகளில் இன்று எஞ்சியிருப்பதாக அறியப்படுவது அது ஒன்றே.

ஸூரத்துல் முல்க்கை நினைவிலிருந்து எழுதி அந்நூலைத் தொடங்குகின்றார் உமர். ஆட்சி முழுவதும் எவன் கையில் இருக்கின்றதோ அவனைப் புகழ்ந்து தொடங்கும் அத்தியாயம் அது. மனிதரை மனிதர் உடைமையாகக் கொண்டிருந்த மண்ணில் அமர்ந்து, உடைமையாளன் யார் என்று பேசும் வசனங்களை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. அதன்பின் அவர் சொல்லும் ஒரு செய்திதான் நம்மை நெடுநேரம் நிறுத்தி வைக்கின்றது. தன் வரலாற்றை எழுதும் நிலையில் தான் இல்லை, தன் பேச்சில் பெரும்பகுதியையும் அரபு மொழியையும் மறந்துவிட்டேன் என்று வருந்துகின்றார். படிப்பவர் தன்னைக் குறை கூற வேண்டாம் என்று வேண்டிக்கொள்கின்றார்.

இருபத்தைந்து ஆண்டுகள் கற்ற ஒருவர், இருபத்து நான்கு ஆண்டுகளில் மறந்துபோனார். அவர் அறிவில் குறைந்தவர் அல்லர். ஓதிக் கேட்க உஸ்தாத் இல்லை. பிழை திருத்த உடன் பயின்றவர் இல்லை. வினா எழுப்பத் தனக்குக் கீழ் மாணவர் இல்லை. கல்வி என்பது நெஞ்சில் பூட்டி வைத்த பொருள் போல இருந்தபடியே இருப்பதில்லை. மத்ரஸாவில் ஓதிவிட்டு, பின் பல ஆண்டுகள் வளைகுடாவில் தனியே வேலை பார்த்துத் திரும்பியவர்களைக் கேட்டால் இதைச் சொல்வார்கள்.

உமர் பிற்காலத்தில் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றதாகப் பதிவு உண்டு. அவர் உள்ளத்தால் எந்நிலையில் இருந்தார் என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகின்றனர். அதை அல்லாஹ் அறிவான். அவர் 1864இல், விடுதலை கிடைப்பதற்கு முந்தைய ஆண்டில், அடிமையாகவே இறந்தார்.

தென் மாநிலங்கள் மட்டும்தான் இப்படி இருந்தன என்று எண்ணுவதும் பிழை. அதே 1831ஆம் ஆண்டு, அடிமைமுறை வேரூன்றாத வடக்கில், யேல் பல்கலைக்கழகம் அமைந்த நியூ ஹேவன் நகரில், கறுப்பின இளைஞர்களுக்கென ஒரு கல்லூரி தொடங்கத் திட்டமிடப்பட்டது. அவர்களை யேலில் சேர்க்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தனியே ஒரு கல்லூரிதான் கேட்டார்கள். செப்டம்பரில் கூடிய நகரக் கூட்டம் அத்திட்டத்தைத் தோற்கடித்தது. எதிர்த்து 700 பேர், ஆதரித்து 4 பேர். அந்த நால்வரை நினைத்துப் பார்க்கின்றோம். அன்றிரவு அவர்கள் வீடு திரும்பிய தெருவும் எளிதாக இருந்திருக்காது.

எட்வர்ட் வில்மட் பிளைடன் என்ற இளைஞரின் கதை இங்கே பொருந்தும். கரீபியன் கடலில் உள்ள செயின்ட் தாமஸ் தீவில் 1832இல் பிறந்த அவர், 1850இல் இறையியல் பயில அமெரிக்கா வந்தார். ரட்கர்ஸ் இறையியல் கல்லூரி நிறத்தைக் காரணம் காட்டி அவரைச் சேர்க்க மறுத்தது. பிளைடன் அடுத்த ஆண்டே கடல் கடந்து மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியா சென்றார். உமரின் கப்பல் வந்த திசைக்கு எதிர்த்திசையில் அவர் போனார். அங்கே உள்நாட்டில் முஸ்லிம் ஊர்களில் அரபு படித்த மக்களைக் கண்டு வியந்தார். 1866இல் எகிப்துக்கும் சிரியாவுக்கும் பயணம் செய்து அரபியைச் செம்மையாகக் கற்றார். லைபீரியா கல்லூரியின் பேராசிரியராக இருந்து அரபியை அங்கே பாடமாக்கினார். பின்னர் அக்கல்லூரியின் தலைவருமானார். கிறித்தவப் போதகராகப் பட்டம் பெற்ற இவரே, ஆப்பிரிக்கருக்கு இஸ்லாம் அளித்த கண்ணியத்தைப் பற்றி 1887இல் ஒரு நூலே வெளியிட்டார். ஒரு கல்லூரி தள்ளிய மாணவர், ஆப்பிரிக்காவின் முன்னோடிச் சிந்தனையாளர்களில் ஒருவராக நின்றார்.

உள்நாட்டுப் போர் முடிந்து 1865இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்ற மக்கள் நிலத்துக்கு அடுத்தபடியாகக் கேட்டது பள்ளிக்கூடம். ஃபிஸ்க், ஹாவர்ட், ஹாம்ப்டன் போன்ற கறுப்பினக் கல்லூரிகள் சில ஆண்டுகளுக்குள் எழுந்தன. வெள்ளையர் கல்லூரிகளின் கதவுகள் தெற்கே மூடியபடியே இருந்தன. 1896இல் ஒரு ரயில் பெட்டி வழக்கில், தனித்தனியே வைக்கலாம், சமமாக இருந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரயில் இருக்கைக்குச் சொன்ன விதி கல்விக்கூடத்துக்கும் நீண்டது. தனித்தனி என்பது எழுத்துப் பிசகாமல் நடந்தது. சமம் என்பதைத்தான் எங்கும் காணோம். கறுப்பின மாணவர் ஒருவர் சட்டமோ மருத்துவமோ பயில விரும்பினால், தென் மாநிலங்கள் பலவற்றில் அவருக்கு இடமே இல்லை.

இந்த இடத்தில்தான் ஒரு கூர்மையான மூளை வேலை செய்தது. சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் ஹார்வர்டில் சட்டம் பயின்றவர். ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் மாலை நேரப் பள்ளியாக இருந்த சட்டக் கல்லூரியை, 1930களின் தொடக்கத்தில் அங்கீகாரம் பெற்ற முழுநேரக் கல்லூரியாக மாற்றினார். அவரிடம் பயின்று 1933இல் வெளிவந்தவர் தர்குட் மார்ஷல். மார்ஷலின் சொந்த மாநிலமான மேரிலாந்தின் சட்டக் கல்லூரி கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. அதனால்தான் அவர் ஹாவர்டுக்கு வந்தார். வெளிவந்த சில ஆண்டுகளிலேயே, ஆசிரியரும் மாணவருமாக அதே மேரிலாந்துக் கல்லூரியின்மேல் டொனால்ட் மரி என்ற மாணவருக்காக வழக்காடி, அவரைச் சேர்க்க வைத்தனர்.

ஆரம்பப் பள்ளிகளை விட்டுவிட்டு உயர்கல்வியை முதலில் ஏன் குறிவைத்தார்கள்? மாணவர் எண்ணிக்கை குறைவு. எனவே வெள்ளையரின் எதிர்ப்பும் ஒப்பளவில் குறைவாக இருக்கும். ஒரே ஒரு மாணவருக்காகத் தனிச் சட்டக் கல்லூரி கட்டுவது எந்த மாநிலத்துக்கும் கட்டுபடியாகாது. மூன்றாவது காரணம் நுட்பமானது. நல்ல சட்டக் கல்லூரி எது, போலி எது என்பதை நீதிபதிகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்களே அதில் பயின்று வந்தவர்கள்.

முன்னே சென்றவர்கள் கொடுத்த விலை பெரிது. லாய்ட் கெய்ன்ஸ் மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயில விண்ணப்பித்தார். வேறு மாநிலத்தில் போய்ப் படி, கட்டணம் தருகின்றோம் என்றது மிசௌரி. 1938 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது சமமாகாது என்றது. மிசௌரி உடனே தனியாக ஒரு சட்டப் பள்ளியை ஏற்பாடு செய்யத் தொடங்கியது. அது நிறைவேறுமுன், 1939 மார்ச் 19 அன்று, சிகாகோவில் தங்கியிருந்த கெய்ன்ஸ் தபால் தலை வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே சென்றார். திரும்பவில்லை. இருபத்தெட்டு வயது. என்ன ஆனார் என்பது இன்றுவரை தெரியாது. 2006இல் அதே பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவச் சட்டப் பட்டம் வழங்கியது.

ஹூஸ்டன் நகரில் தபால்காரராக வேலை பார்த்த ஹீமன் ஸ்வெட் 1946இல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். அவரைச் சேர்க்காமலிருக்க அம்மாநிலமும் தனிப் பள்ளி ஒன்றைத் திறந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போன நேரத்தில் புதுப் பள்ளியில் 5 பேராசிரியர்கள், 23 மாணவர்கள், 16,500 நூல்கள். பல்கலைக்கழகத்தில் 16 முழுநேரப் பேராசிரியர்கள், 850 மாணவர்கள், 65,000க்கும் மேற்பட்ட நூல்கள். இந்த எண்களைச் சமமாக்கிவிட்டால் வழக்கு தீர்ந்துவிடுமா என்பதே கேள்வியாக நின்றது.

ஓக்லஹோமாவில் ஏடா லோயிஸ் சிப்புவல் என்ற இளம்பெண் அதே 1946இல் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டார். 1948 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாக ஆணையிட்டது. இரண்டு வாரங்களுக்குள் அம்மாநிலம் தலைமைச் செயலகக் கட்டடத்தின் சில அறைகளில், மூன்று வழக்குரைஞர்களை ஆசிரியர்களாக வைத்து, ஒரு சட்டக் கல்லூரியை உருவாக்கியது! சிப்புவல் அதில் சேர மறுத்துவிட்டார். 1949இல்தான் உண்மையான கல்லூரிக்குள் நுழைந்தார். வகுப்பின் கடைசியில், பெயர்ப்பலகை தொங்கிய தடுப்புக்குப் பின்னால் அவருக்கு நாற்காலி போடப்பட்டது.

இந்தச் சூழலில்தான் மக்லாரின் வந்தார். அவருக்குத் தனிப் பல்கலைக்கழகம் கட்ட முடியாது என்பது ஓக்லஹோமாவுக்குப் புரிந்துவிட்டது. நீதிமன்ற ஆணைப்படி சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் வகுப்பறைக்கு வெளியே பக்கவறையில் மேசை. நூலகத்தில் மற்றவர்கள் அமரும் வாசிப்புக் கூடத்தில் இடமில்லை, இடைத்தளத்தில் தனி மேசை. உணவகத்தில் மற்றவர்கள் உண்ணாத நேரத்தில் தனி மேசை. வழக்கு மேலே போகப்போக, விதிகள் சிறிது சிறிதாகத் தளர்ந்தன. வகுப்பறைக்குள்ளேயே அழைத்தார்கள், கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்டது என்று எழுதிய தடுப்புக் கம்பி ஒன்றைச் சுற்றி வைத்தார்கள். பின் அதையும் அகற்றினார்கள். ஒதுக்கிய வரிசை மட்டும் ஒதுக்கியபடியே இருந்தது. நூலகத்தின் கீழ்த்தளத்துக்கு வரலாம், ஆனால் குறித்த மேசையில்தான் அமரலாம். ஒரே நேரத்தில் உண்ணலாம், ஆனால் தனியே.

கட்டடம் அதே கட்டடம், ஆசிரியர் அதே ஆசிரியர், நூல் அதே நூல். எண்ணிப் பார்க்கக்கூடியவை யாவும் சமம். மாநிலத்தின் வழக்குரைஞர்களுக்கு இதைவிட வலுவான நிலை இருக்க முடியாது. மார்ஷலுக்கும் அதனாலேயே இது வாய்ப்பாக அமைந்தது. இவ்வளவும் சமமான பிறகும் அநீதி மிச்சமிருக்கின்றது என்று காட்ட முடிந்தால், பிரித்து வைப்பதே அநீதி என்பது நிறுவப்பட்டுவிடும்.

1950 ஜூன் 5 அன்று ஸ்வெட், மக்லாரின் ஆகிய இருவர் வழக்குகளிலும் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மக்லாரினுக்கு விதித்த கட்டுப்பாடுகள், படிப்பதற்கும் உடன் மாணவர்களோடு விவாதித்துக் கருத்துப் பரிமாறுவதற்கும் தம் தொழிலைக் கற்பதற்கும் உள்ள ஆற்றலைக் குலைக்கின்றன என்று தலைமை நீதிபதி வின்சன் எழுதினார். மக்லாரின் நாளை ஆசிரியராகப் போகின்றவர். இவருடைய கல்வி குறைபட்டால் இவரிடம் பயில்வோரின் கல்வியும் குறைபடும் என்பதையும் சேர்த்துக்கொண்டார். உடன் மாணவர்கள் மக்லாரினோடு பேசாமல் போகலாமே என்ற வாதத்துக்கும் விடை இருந்தது. தனிமனிதர் பழக மறுப்பது வேறு. பழகக் கூடாதென்று அரசே தடுப்பது வேறு. ஸ்வெட்டின் தீர்ப்பிலோ, ஆசிரியர்களின் புகழ், முன்னாள் மாணவர்களின் செல்வாக்கு, நிறுவனத்தின் மரபு என அளக்க முடியாதவற்றையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. மாநில மக்களில் 85 விழுக்காட்டினரை விலக்கிவிட்ட ஓரிடத்தில் சட்டம் பயில முடியாது என்றது.

பக்கவறையில் பறிக்கப்பட்டது எது என்பதற்கு விடை இதுதான். உமர் 1831இல் மறதியைப் பற்றி எழுதியபோது வருந்தியதும் இதற்காகத்தான் என்று நாம் கருதுகின்றோம். ஒரு ஹல்காவில் முழங்கால் தொட அமர்ந்து கேட்பதற்கும், வாசலுக்கு அப்பால் இருந்து செவியில் வாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த மக்கள் தங்கள் உடலால் அறிந்திருந்தனர்.

இந்தத் தீர்ப்பைக் காண ஹூஸ்டன் இல்லை. ஆறு வாரங்களுக்கு முன், ஏப்ரல் 22 அன்று காலமாகியிருந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழித்த 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு, இவ்விரு வழக்குகளை அடித்தளமாகக் கொண்டே எழுந்தது. மார்ஷல் 1967இல் அதே உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார்.

எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுத நமக்கும் ஆசைதான். ஸ்வெட் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார்; நெடிய வழக்கும் பகைமையும் உடல்நலத்தையும் குடும்ப வாழ்வையும் சிதைத்துவிட, 1952இல் பட்டம் பெறாமலே வெளியேறினார். சிப்புவல் பட்டம் பெற்று, வழக்குரைஞராகவும் பேராசிரியராகவும் பணியாற்றினார். தன்னைச் சேர்க்க மறுத்த பல்கலைக்கழக ஆட்சிக் குழுவிலேயே 1992இல் உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

உமர் வாழ்ந்த வட கரோலினாவுக்கும் இத்தீர்ப்புகள் போய்ச் சேர்ந்தன. 1795 முதல் மாணவர்களைச் சேர்த்துவந்த அம்மாநிலப் பல்கலைக்கழகம், 1951இல் நீதிமன்ற ஆணையின் பேரில் முதன்முதலாகக் கறுப்பின மாணவர்களைச் சட்டக் கல்லூரியில் சேர்த்தது. அதே ஆண்டு கால்பந்தாட்டம் காண அவர்களுக்கு வழங்கிய சீட்டு, மற்ற மாணவர்கள் அமரும் பகுதிக்கானது அன்று. கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய பகுதிக்கானது. மாணவர்கள் அதை ஏற்கவில்லை. எதிர்ப்பு எழுந்த பிறகு நிர்வாகம் இறங்கி வந்தது.

உமரின் கையெழுத்துப் பிரதி பல கைகள் மாறி, நெடுங்காலம் காணாமற்போய், 2017இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. 2019 முதல் அதன் பக்கங்கள் யாவரும் காணும்படி இணையத்தில் உள்ளன. அது மேற்கு ஆப்பிரிக்க எழுத்துமுறை. சில எழுத்துகளின் புள்ளிகள் நமக்குப் பழக்கமான இடத்தில் இரா. ஆயினும் மாலை மத்ரஸாவுக்குப் போய்வரும் நம் வீட்டுப் பிள்ளையை அருகில் அமர்த்தித் திறந்து காட்டினால், சற்று நேரத்தில் அது ஸூரத்துல் முல்க் என்று கண்டுகொள்ளும்.